மழை வந்தால் டென்ட் தரை ஊறுகிறது, பெரிய மேட்ச்சுக்கு இன்னும் பத்து நாள்

வணக்கம். அமெரிக்காவின் டர்ஹாமில் டியூக் பல்கலைக்கழக மாணவன். எங்கள் கேம்ரன் அரங்கில் வட கரோலினா பல்கலைக்கழக அணியோடு நடக்கவிருக்கும் கூடைப்பந்து ஆட்டத்துக்கு இடம்பிடிக்க, ஜனவரியிலிருந்து வாசலில் டென்ட் போட்டுக் கிடக்கிறோம். அரங்கில் மொத்தமே 9,314 பேருக்குத்தான் இடம். அதோடு 2022-இல் எங்கள் அணியின் அப்போதைய பயிற்சியாளர் கோச் கே-யின் கடைசி உள்ளூர் ஆட்டத்தையே 94-81 என்று கெடுத்துவிட்டுப் போனவர்கள் அவர்கள். எதிரி பலசாலிதான், அதற்காக இடத்தை விட முடியுமா?

டென்ட் பன்னிரண்டு பேர் படுக்கும் பாலியெஸ்டர், சீனியரிடம் வாங்கிய பழசு. மூன்று வாரமாக நிற்கிறது. முதல் வாரம் சொட்டு இல்லை. இப்போது மழை தொடங்கி ஒரு மணி நேரத்தில் தாழ்வான மூலையில் தரை ஊறுகிறது. கையால் அழுத்தினால் பஞ்சு மாதிரி தண்ணீர் மேலே வருகிறது. கூரையும் பக்கமும் காய்ந்தே இருக்கின்றன. மழையில்லாத இரவில் ஈரமே இல்லை, ஆகவே மூச்சுக்காற்றின் ஈரம் என்று தோன்றவில்லை.

தையலுக்கு உள்பக்கம் சீலர் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) இரண்டு தடவை பூசினேன். மேலே தார்ப்பாய் கட்டினேன். அடியிலும் ஒன்று விரித்தேன், டென்ட்டைவிட ஓரடி பெரியது. அதன் பிறகு நிலைமை இன்னும் மோசம்! என் தூக்கப்பை நனைந்து இரண்டு நாள் தும்மல்.

டென்ட்டைப் பிரிக்க வழியில்லை, எப்போதும் ஆள் இருந்தாக வேண்டும்.

மலையேற்றம் போகிறவர்களே, பிரிக்காமல் அந்த மூலையில் தண்ணீர் ஏறாமல் நிறுத்த என்ன செய்யலாம்?