அகத்தியர்கூடம் நடையில் குதிகால் கொப்புளம்: குத்தி நீரை எடுக்கலாமா?

கேள்வி: நெல்லை நடையர்

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூட மலை ஏறிவிட்டு நேற்று முன்தினம் ஊர் திரும்பினேன். முதல் நாள் அதிருமலை முகாமை அடைவதற்குள்ளாகவே இரு குதிகால்களின் பின்புறமும் எரியத் தொடங்கிவிட்டன. மறுநாள் உச்சி ஏறி இறங்கியபோது இடது குதிகாலில் எழும்பியிருந்த கொப்புளம் உடைந்து தோல் வழன்றுவிட்டது; வலது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக நீர் கோத்த கொப்புளம் ஒன்று இன்னும் உடையாமல் விண்விண்ணென்று வலிக்கிறது. இதைக் குத்தி நீரை வெளியேற்றலாமா, தானாக வற்றும்வரை விட்டுவிட வேண்டுமா? இதே ஷூவை அணிந்து ஊருக்குள் மாதக்கணக்கில் நடந்திருக்கிறேன், ஒருநாளும் கடித்ததில்லை. மலையில் மட்டும் ஏன் இப்படி ஆயிற்று என்பதும் விளங்கவில்லை.

மறுமொழி: செவிலியர் (மதுரை)

சிறிய, வலியில்லாத கொப்புளத்தைத் தொடாமல் விடுவதே நல்லது, ஏனெனில் மேல்தோல் மூடியிருக்கும்வரை கிருமி உள்ளே போக வழியில்லை. நீங்கள் சொல்வது போலப் பெரிதாகவும் காலை ஊன்ற முடியாத அளவுக்கு வலியோடும் இருந்தால் நீரை மட்டும் எடுக்கலாம். கையையும் குதிகாலையும் சோப்புப் போட்டுக் கழுவி, பொவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினியைத் தடவி, மருந்துக்கடையில் உறை பிரிக்காமல் கிடைக்கும் புதிய ஊசியால் கொப்புளத்தின் அடி ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் குத்தி, சுத்தமான துணியால் மெதுவாக அழுத்தினால் நீர் வடிந்துவிடும். மேல்தோலை வெட்டியோ உரித்தோ எடுத்துவிடாதீர்கள். அதைவிடச் சிறந்த கட்டு எந்தக் கடையிலும் கிடைக்காது. உள்ளே இரத்தம் கட்டியிருந்தால் குத்தவே வேண்டாம்.

உடைந்த இடது குதிகாலைச் சோப்பு நீரில் கழுவி, வாசலின் தடவி, புண்ணோடு ஒட்டாத கட்டுத்துணியை வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். பலரும் பச்சைப்புண்ணில் ஸ்பிரிட் ஊற்றுகிறார்கள். எரிச்சலைத் தாங்கினால் சீக்கிரம் ஆறும் என்பது நம் ஊர் நம்பிக்கை, ஆனால் அது புதிதாக வளரும் தோலையும் கெடுத்துவிடும். சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, காலில் மேல்நோக்கி ஓடும் செங்கோடு, காய்ச்சல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவரிடம் சென்றுவிடுங்கள்.

மறுமொழி: மேற்குமலை வழிப்போக்கர்

சிகிச்சையைச் சகோதரி சொல்லிவிட்டார். காரணத்தை நான் சொல்கிறேன். ஈரப்பட்ட தோல் காலுறையோடு ஒட்டிக்கொள்ள, உள்ளே குதிகால் எலும்பு ஒவ்வோர் அடிக்கும் மேலும் கீழும் நகர்கிறது. இடையிலுள்ள தோலடுக்குகள் இழுபட்டு இழுபட்டுப் பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோக்கிறது. சமதளத்தில் இந்த இழுப்பு குறைவு. அதிருமலைக்குச் செல்லும் வழியில் கரமனை ஆறு, அட்டையாறு என்று நீரோடைகளைக் கடந்து கடந்து போக வேண்டியிருப்பதால் காலுறை நனைந்துவிடும், அதற்குப் பிறகு ஏழுமடக்கன்தேரியின் செங்குத்தான ஏற்றம் வந்துவிடும். ஊருக்குள் கடிக்காத ஷூ அங்கே கடித்ததில் வியப்பில்லை. நீங்கள் பருத்திக் காலுறை அணிந்திருந்தீர்களா? பருத்தி நனைந்தால் எளிதில் உலராது. கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறைகளை அணிந்து, மாற்றுக்கு ஒரு ஜோடியை நீர் புகாத பையில் வைத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டியதும் பாதத்தைத் துடைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எரிச்சல் தொடங்கிய அந்த நிமிடத்திலேயே நின்றுவிட வேண்டும். கூட்டத்தோடு செல்லும்போது பிறரைக் காக்க வைக்கக் கூச்சப்பட்டு நடந்துகொண்டே இருப்பதுதான் பெரும்பாலான கொப்புளங்களுக்குக் காரணம் என்பது என் கருத்து. காகித மருத்துவ டேப்பைக் காய்ந்த தோலில் சுருக்கமின்றி ஒட்டினால் போதும். விலையும் மிகக் குறைவு. நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் செய்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் கணிசமாகக் குறைந்திருந்தது.

மறுமொழி: கோவை வாசகர்

புறப்படும் முன் பாதம் முழுவதும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது எங்கள் வழக்கம். வெள்ளியங்கிரிக்கு வெறுங்காலோடு ஏறும் பக்தர்கள் பலருக்குக் குதிகாலில் இப்படி வருவதில்லையே, ஷூவே வேண்டாம் என்றால் என்ன?

மறுமொழி: மேற்குமலை வழிப்போக்கர்

ஐயா, எண்ணெயும் வாசலினும் தொடக்கத்தில் உராய்வைக் குறைத்தாலும், சில மணி நேரத்தில் அந்தப் பயன் போய்விடும். எண்ணெய் பட்ட தோலில் டேப்பும் நிற்காது. வெறுங்காலில் குதிகாலை உரசும் ஷூ இல்லை என்பது உண்மைதான், ஆனால் வெயிலேறிய பாறையில் உள்ளங்கால் வெந்து கொப்புளிக்கும். அட்டையும் வேர்களும் நிறைந்த அகத்தியர்கூடக் காட்டுவழிக்கு அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

மறுமொழி: நெல்லை நடையர்

இருவருக்கும் நன்றி. அணிந்திருந்தது பருத்திக் காலுறைதான். அடுத்த முறை என் தந்தையும் வர விரும்புகிறார். அவருக்கு நீரிழிவு உண்டு. அவருக்கும் இதே முறை பொருந்துமா?

மறுமொழி: செவிலியர் (மதுரை)

பொருந்தாது. நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம் என்பதால் எரிச்சலே தெரியாமல் கொப்புளம் புண்ணாகிவிடும், ஆறுவதும் தாமதமாகும். மலையேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே மருத்துவரிடம் பாத உணர்ச்சிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். மருத்துவர் சம்மதித்தால், வழியில் தங்கும் இடங்களிலெல்லாம் தந்தையின் காலுறையைக் கழற்றி, விரலிடுக்கு உட்பட நீங்களே பார்த்துவிடுங்கள். கொப்புளம் தென்பட்டால் ஊசியைத் தொடாமல் மூடிக் கட்டி, மேலே ஏறாமல் கீழே அழைத்து வந்து மருத்துவரிடம் காட்டுங்கள்.