ஆழம் தெரிந்தாலும் காலை விடாதே

நான் ஆற்றில் விழுந்த இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று முழுக்க எனக்கு உண்மையாகவே பயம் வந்தது அந்த முழங்கால் தண்ணீரில்தான்.

ராஃப்டிங் போயிருந்தோம்: காற்றடைத்த ரப்பர் படகில், நுரைத்து ஓடும் ஆற்றில் துடுப்புப் போட்டுப் போகும் விளையாட்டு. நான், மனைவி, 15 வயது மகள், 12 வயது மகன், இவர்களோடு படகின் பின்முனையில் கைடு. மனைவிக்கு நீச்சல் தெரியாது. அதனால் பதிவு செய்யும்போதே கிரேடு என்ன என்று கேட்டுக்கொண்டேன். ஆறு நுரைத்து ஓடும் இடங்களை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். 1 வெறும் சலசலப்பு. 6 கைதேர்ந்தவர்களுக்கே உயிர் விளையாட்டு. எங்களுக்கு 2-ம் 3-ம் கலந்த பகுதி. மழை பெய்து நீர் ஏறினால் அதே இடம் வேறு ஆறாகிவிடும் என்பதால், காலையில் நீர்மட்டத்தைப் பார்த்த பிறகுதான் படகை இறக்கினார்கள்.

கரையில் நடந்த பாடத்தை நான் பாதிக் காதில்தான் கேட்டேன். லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து கைடு மேலே தூக்கிப் பார்த்தார். அது என் காது வரை ஏறியது. மறுபடி இறுக்கினார். மூச்சு முட்டுகிறது என்று முணுமுணுத்தேன். துடுப்பின் நுனியில் உள்ள டி வடிவக் கைப்பிடியை எதற்காகவும் விடாதீர்கள், விட்டால் பக்கத்தில் இருப்பவர் பல் போகும் என்றார். அதற்கு மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் ஒன்றை மட்டும் மூன்று முறை சொன்னார்: விழுந்தால் ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள். மல்லாந்து, நீர் போகும் பக்கம் காலை நீட்டி, கால்விரல் வெளியே தெரியும்படி மிதந்து வாருங்கள்.

3-ம் கிரேடு அலைகளில் நாங்கள் பிரமாதமாகத்தான் செய்தோம். முகத்தில் அறையும் தண்ணீர், "ஃபார்வர்டு, ஃபார்வர்டு" என்ற கத்தல், ஒரு நொடி வானம் மட்டும் தெரிந்தது. நீச்சல் தெரியாத என் மனைவிதான் ஒரு தாளம்கூடத் தப்பாமல் துடுப்புப் போட்டாள். மகள் அதற்குள் ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். நீர்ப்பரப்பில் 'வி' போன்ற கோடு நீர் போகும் பக்கம் குவிந்தால் அது வழி; கூர்முனை நம்மைப் பார்த்து இருந்தால் அடியில் பாறை. "அப்பா, பாறை!" என்று கைடுக்கு முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த சாதாரண ஓட்டத்தில்தான் என் திமிர் ஏறியது. படகின் தரையில் கால் செருகும் பட்டையிலிருந்து காலை உருவிக்கொண்டு, பின்னால் திரும்பி மனைவியிடம் ஏதோ பெருமை பேசினேன். படகு ஒரு பாறையில் உரசி டக்கென நின்றது. நான் நிற்கவில்லை.

குளிர் முதலில் மூச்சைப் பிடுங்கியது. பிறகு முட்டியில் கல் இடித்தது. அட, தரை தெரிகிறதே! உடம்பு தானாக எழுந்து நிற்கப் பார்த்தது. வலது காலை ஊன்றினேன். இரண்டு கற்களுக்கு நடுவே பாதம் வழுக்கி இறங்கியது. பின்னாலிருந்து தண்ணீர் முதுகைத் தள்ளியது. பாதம் சிக்கி ஆள் முன்னால் சாய்ந்தால், முழங்கால் தண்ணீரே தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். இந்தக் கணக்கெல்லாம் வீட்டுக்கு வந்து யோசித்தது. அப்போது காதில் விழுந்தது, "காலைத் தூக்குங்க! காலை!" என்ற கைடின் குரல் மட்டும்தான். நல்லவேளை, பாதம் முழுதாக இறங்கவில்லை. உருவிக்கொண்டு மல்லாந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரிந்தும் விடக் கூடாது.

கைடு வீசிய, உள்ளே கயிறு அடைத்த பை மார்பின்மேல் வந்து விழுந்தது. பையை விட்டுக் கயிற்றைப் பிடிக்க வேண்டும், கையில் சுற்றக் கூடாது. எப்படியோ அது நினைவிருந்தது. படகருகே வந்ததும் மகள் என் ஜாக்கெட்டின் இரு தோள்பட்டைகளையும் பிடித்தாள். தூக்குவாள் என்று பார்த்தால், என்னைத் தண்ணீருக்குள் ஒரு அமுக்கு அமுக்கினாள்! அப்படி அமுக்கினால் ஜாக்கெட் மேலே எழும்பும்போது அந்த வேகத்திலேயே இழுத்துவிடலாமாம். பாடத்தை அவள் முழுக் காதில் கேட்டிருக்கிறாள். அதே ஜாக்கெட்தான், மூச்சு முட்டுகிறது என்று நான் குறைப்பட்டது. தளர்வாக இருந்திருந்தால் அவள் கையில் ஜாக்கெட் மட்டும் வந்திருக்கும்.

மீன் மாதிரி படகுக்குள் விழுந்து கிடந்தேன். மனைவி எதுவும் கேட்கவில்லை. துடுப்பால் என் காலைத் தட்டி, பட்டையைக் காட்டினாள். செருகிக்கொண்டேன்.