புதுப்பிப்பு: ரத்த வாந்தி, மலை இறக்குமுன்

குமுளிப் பக்கமிருந்து ரத்த வாந்தி நோயாளியைத் தேனிக்கோ கோட்டயத்துக்கோ அனுப்புமுன் செய்யவேண்டியதை முன்பு எழுதியிருந்தேன். "ஹீமோகுளோபின் 10 இருக்கிறதே, காலையில் அனுப்பலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. முதல் சில மணி நேரம் அந்த எண் இறங்காது. நாடித்துடிப்பையும் பிபியையும் பாருங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுபவரிடம் நாடியும் ஏமாற்றும்.

இரண்டு கையிலும் 16 அல்லது 18 கேஜ் கேனுலா (சிரையில் போடும் ஊசிக்குழாய்). கல்லீரல் சுருக்கம் இருந்தால் எண்டோஸ்கோப்பிக்குக் காத்திராமல் போர்ட்டல் அழுத்தத்தை (கல்லீரலுக்குப் போகும் சிரையின் அழுத்தம்) குறைக்கும் டெர்லிப்ரெசின் 2 மி.கி., ஆன்டிபயாடிக் செஃப்ட்ரையாக்சோன் 1 கிராம். இதய நோயாளிக்கு டெர்லிப்ரெசினுக்குப் பதில் ஆக்ட்ரியோடைட் 50 மைக்ரோகிராம், பிறகு மணிக்கு 50 மைக்ரோகிராம். பிபி நிலையாக இருந்தால் ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போகும்போது ரத்தம் ஏற்றினால் போதும்; மிஞ்சினால் போர்ட்டல் அழுத்தம் கூடி மறுபடி கசியும்.

ரத்தக் கசிவை நிறுத்தத் தரும் டிரானெக்சாமிக் அமிலம் வேண்டாம். 2020-இல் வந்த ஹால்ட்-இட் ஆய்வில் சாவு குறையவில்லை, சிரைகளில் ரத்தக்கட்டு கூடியது.

நினைவு மங்கி, வாந்தியும் நிற்கவில்லையென்றால் மூச்சுக்குழாயில் டியூப் போட்ட பிறகே ஆம்புலன்சில் ஏற்றுங்கள். கொண்டை ஊசி வளைவில் அதைப் போடுவது மிகக் கடினம்.