சமவெளியில் எண்ணெய்ச் சருமம், கோத்தகிரியில் வறண்ட சருமம்: முகத்துக்கு எதை வாங்குவது?

கேள்வி கேட்டவர்: மலைக்கு வந்த ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்த நான் பணி மாறுதலில் கோத்தகிரிக்கு வந்திருக்கிறேன். ஊரில் இருந்தவரை நண்பகலுக்குள் முகத்தில் எண்ணெய் வழிந்துவிடும் என்பதால், நுரை மிகுந்த ஃபேஸ்வாஷ், பளபளப்பை அடக்கும் மேட் ஃபவுண்டேஷன், அதன்மேல் காம்பேக்ட் பவுடர் என்று பழகியிருந்தேன். இங்கே டிசம்பர் பிறந்ததிலிருந்து கன்னங்கள் தோலுரிகின்றன; மூக்கு மட்டும் பழையபடியே மினுக்குகிறது. அதே ஃபவுண்டேஷன் இப்போது திட்டுத்திட்டாக நிற்கிறது. போதாக்குறைக்கு இரண்டு கன்னங்களிலும் மங்கு என்னும் கருந்திட்டு படர்கிறது. வெயிலே உறைக்காத ஊரில் மங்கு எப்படி வரும் என்று விளங்கவில்லை.

ஓர் அழகு நிலையத்தில், லேபிள் ஒட்டாத சிறு டப்பாவில் இரவுக் களிம்பு ஒன்றைத் தந்து, ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும் என்றார்கள். இன்னும் அதைத் தொடவில்லை. தேங்காய் எண்ணெயில் நீலகிரித் தைலம் கலந்து பூசினால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்கச் சம்பளம் இடம் கொடுக்காது என்பதால், எதை முதலில் வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: குன்னூர் மருந்தாளுநர்

சகோதரிக்கு வணக்கம். அந்த டப்பாவைத் திறக்காமல் இருந்தீர்களே, முதலில் அதற்கு நன்றி. லேபிள் இல்லாத, ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் களிம்பில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கக்கூடும். ஒன்று பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு, மற்றொன்று பாதரசம். ஸ்டீராய்டு பூசிய சில நாள்களில் முகம் தெளிந்தது போலத் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் வெளியே தெரிந்து, பருவும் தேவையற்ற முடியும் தோன்றும். நிறுத்தினாலோ முகம் சிவந்து எரியும். அந்த எரிச்சலுக்குப் பயந்தே பலர் மீண்டும் அதே களிம்பைத் தேடி வருவதைக் கடையில் பார்க்கிறேன். இத்தகைய பூச்சு மருந்துகள் பலவற்றை 2018-இல் மத்திய அரசு எச் அட்டவணைக்குள் கொண்டுவந்ததும், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்றதும் இதனால்தான். மங்குக்குச் சில மாதங்கள் மட்டும் பூசும் மருந்துகள் உண்டு. ஆனால் அவற்றைத் தோல் மருத்துவர் பார்த்துத் தர வேண்டும். அழகு நிலையம் தரக் கூடாது.

அடுத்து, வெயில் பற்றிய உங்கள் ஐயம். நம் தோலைக் கருக்க வைப்பது வெப்பமன்று, புற ஊதாக் கதிர். உயரம் ஒவ்வொரு 1,000 மீட்டர் கூடும்போதும் அதன் வீச்சு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், உங்கள் கோத்தகிரி 1,800 மீட்டரை ஒட்டியும் இருக்கின்றன. சமவெளியிலுள்ள திருநெல்வேலியில் வேர்த்துக் கொட்டும்போது நாமாகவே நிழலுக்கு ஓடிவிடுவோம். இங்கே காற்று குளிர்ந்திருப்பதால் அதைவிடக் கடுமையான கதிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இதமாக இருக்கிறதென்று மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். மெல்லிய மேகமும் மூடுபனியும் அந்தக் கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகின்றன. ஆகையால் முதல் மாதச் செலவு சன்ஸ்கிரீனுக்கும் மாய்ஸ்சரைசருக்கும் மட்டுமே போகட்டும். ஒப்பனைப் பொருள் பிறகு.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப். என்னும் வெயில் காப்பு எண் 30 அல்லது அதற்கு மேல் இருந்தால் போதும். 30 என்பது புற ஊதாக் கதிரின் பி வகையில் ஏறத்தாழ 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். விலை வேறுபாடு பெரிதாக இருந்தால் 50-ஐத் துரத்த வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், ஏ வகைக் கதிருக்கான குறியீடாகிய பி.ஏ. என்பதற்குப் பின்னே மூன்று அல்லது நான்கு கூட்டல் குறிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. மங்கு உள்ளவர்கள், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சாயலுள்ள சன்ஸ்கிரீனை வாங்குவது நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கை அடர்த்தியாக்கும், நிறமற்ற சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை.

உங்கள் சருமம் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம்; மாறியது சூழல். குளிரில் எண்ணெய்ச் சுரப்பு குறையும். குளிர்ந்த காற்றில் நீராவி குறைவு. காலையில் கெய்சரிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றும் நீர் மிச்சமுள்ள எண்ணெயையும் கழுவிவிடும். சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். அளவு, அதாவது அமில-கார அளவு, 9 முதல் 10 வரை. தோலின் இயல்போ 5-ஐ ஒட்டியது. சுற்றுலாப் பயணிகளுக்காக இங்கே அழகழகாய் அடுக்கி வைத்திருக்கும் கைவினைச் சோப்புகளும் காரத்தன்மை உள்ளவையே. எனவே நுரை குறைந்த மென்மையான கிளென்சரும் வெதுவெதுப்பான நீரும் போதும். மாய்ஸ்சரைசரில் கிளிசரின், செராமைடு, பெட்ரோலேட்டம் ஆகிய பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். கிளிசரின் நீரை இழுத்து வைக்கும், பெட்ரோலேட்டம் அதை வெளியேறாமல் மூடும். முகம் கழுவியதும் ஈரம் முழுவதும் உலருமுன் பூசினால்தான் அது பலன் தரும். தொட்டபெட்டா சிகரத்துக்குக் கிழக்கே இருக்கும் உங்கள் ஊருக்கு வடகிழக்குப் பருவமழையே பெரியது என்பதால், அந்த மழை ஓய்ந்த பிறகு மார்ச் வரை கெட்டியான கிரீமும், மற்ற மாதங்களில் ஜெல் வகையும் பொருந்தும். மூக்கில் மட்டும் எண்ணெய் சுரந்தால் அங்கே மெல்லியதாகத் தடவுங்கள். அதற்கென்று தனியே ஒன்று வாங்க வேண்டாம்.

மறுமொழி 2: எடப்பள்ளி இல்லத்தரசி

நீலகிரித் தைலத்தைச் சளிக்கு ஆவி பிடிப்பதற்கும் நெஞ்சில் தடவுவதற்கும் எங்கள் வீட்டில் தலைமுறையாக வைத்திருக்கிறோம். முகத்தில் யாரும் பூசியதில்லை. கண்ணருகே பட்டாலே எரிந்து நீர் கொட்டும். வின்டர்கிரீன் தைலமும் அப்படியே, அது மூட்டு வலிக்கு உரியது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால், இங்கே ஆண்டின் பெரும்பகுதி அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கை, கால், குதிகால் வெடிப்புக்கு அது நன்று. பரு வரும் முகத்துக்கு வேண்டாம், துளைகளை அடைக்கும். எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துவிட்டு வெயிலில் நிற்பதும் அதுபோலத்தான், பட்ட இடம் கொப்புளித்துக் கருத்துவிடக் கூடும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், அவர் அன்பினால்தான் சொல்லியிருப்பார்.

மறுமொழி 3: உதகை மணப்பெண் ஒப்பனையாளர்

டீச்சருக்கு வணக்கம். மருந்தாளுநர் ஐயா சொன்னவற்றைச் செய்து தோலுரிவது அடங்கும் வரை புதிய ஃபவுண்டேஷன் வாங்காதீர்கள். உரியும் தோலின்மேல் உலகத்திலேயே விலை உயர்ந்த ஃபவுண்டேஷனும் திட்டாகத்தான் நிற்கும். மேட் வகை எண்ணெயை உறிஞ்சுவதற்காகவே செய்யப்படுவது. உறிஞ்ச எண்ணெய் இல்லாத கன்னத்தில் அது வறட்சியை இன்னும் எடுத்துக் காட்டும். கிளிசரின் சேர்ந்த, ஈரப்பதம் தரும் நீர்ம ஃபவுண்டேஷனோ, அதைவிட மெல்லிய நிறக் கிரீமான பி.பி. கிரீமோ உங்களுக்கு ஏற்றது. பழைய காம்பேக்ட்டை வீணாக்க வேண்டியதில்லை, மூக்கிலும் நெற்றி நடுவிலும் மட்டும் ஒற்றிக்கொள்ளுங்கள்.

நிறம் பார்ப்பதில்தான் மலையில் பலர் ஏமாறுகிறார்கள். கடையின் டியூப் லைட்டில் பொருத்தமாகத் தெரிந்த நிறம், மூடுபனி நாளின் வெளிச்சத்தில் சாம்பல் பூத்தது போல இருக்கும். மணிக்கட்டில் தடவிப் பார்ப்பது பயனற்றது. தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, கழுத்தோடு சேர்கிறதா என்று கடைக்கு வெளியே வந்து கண்ணாடியில் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் ஒரு படி கருக்கும்; ஆகவே பக்கத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்து வாங்குவது நல்லது. நம் நிறத்தில் பெரும்பாலும் மஞ்சள் சாயல் இருப்பதால், இளஞ்சிவப்புச் சாயலுள்ளவை ஒட்டாமல் தனியே தெரியும். துத்தநாக ஆக்சைடு மிகுந்த சன்ஸ்கிரீனும் வெளிறிய படலம் போடும். அதற்காகவும் நிறச் சாயல் உள்ளதே மேல்.

கனமாகப் பூசினால்தான் மங்கு மறையும் என்று நினைக்காதீர்கள். வெண்ணிற உடை அணியும் படுகர் இல்லத் திருமணங்களில் துணியில் ஒட்டினால் உடனே தெரிந்துவிடும் என்பதால், நான் முகம் முழுவதும் மெல்லிய ஒரு பூச்சு போட்டு, மங்கு உள்ள இடத்தில் மட்டும் கருமையை மட்டுப்படுத்தும் ஆரஞ்சுச் சாயல் கரெக்டரை விரலால் ஒற்றி எடுப்பேன். பள்ளிக்குச் செல்ல அதுவும் தேவைப்படாது.

மறுமொழி 4: கூடலூர் வாசகர்

பாதரசம் பற்றிய பேச்சு வந்ததால் இதை எழுதுகிறேன். 2023-இல் எங்கள் எல்லைக்கு அப்பால், மலப்புரம் மாவட்டத்தில் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள் சிலருக்குச் சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி, முகக் கிரீமில் தவறுதலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் இவை இல்லாத டப்பாவை யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

மலைக்கு வந்த ஆசிரியை

அனைவருக்கும் மிக்க நன்றி. டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். என் பி.பி. கிரீமிலேயே எஸ்.பி.எஃப். 15 என்று இருக்கிறது; சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30 உடன் சேர்ந்தால் 45 ஆகுமா? புதிய பொருள் ஒவ்வாது போய்விடுமோ என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது?

குன்னூர் மருந்தாளுநர்

ஆகாது, சகோதரி. எண்கள் கூடுவதில்லை. மேலும் அந்த எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் பூசிச் சோதித்துப் பெறப்பட்டது, பி.பி. கிரீமை அவ்வளவு தடிமனாக யாரும் பூசுவதில்லை. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் சன்ஸ்கிரீனைப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். அது படிந்த பிறகு பி.பி. கிரீம். விளையாட்டுத் திடலில் பிள்ளைகளோடு நிற்கும் நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வகுப்பறையிலேயே இருக்கும் நாள்களில் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம்.

ஒவ்வாமைக்கு, முழங்கை மடிப்பில் ஒரே இடத்தில் நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்பும் சிவப்பும் இல்லையென்றால் முகத்துக்குக் கொண்டுபோகலாம். இரண்டு புதிய பொருள்களை ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். ஒன்று ஒவ்வாவிட்டால் எது என்று கண்டுபிடிக்க முடியாது. வாசனை சேர்க்காதவை என்று அட்டையில் குறித்தவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் மங்கு அடர்ந்துகொண்டே போனால் தோல் மருத்துவரைப் பாருங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள், அதற்கும் மங்குக்கும் தொடர்பு உண்டு.