கிளிப்பிங் என்பதற்குத் ‘தலைதட்டல்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

பெருக்கி (ஆம்ப்ளிஃபயர்) தன் கொள்ளளவுக்கு மேல் ஒலிக்க முயலும்போது அலையின் உச்சி தட்டையாகிவிடுவதை ஆங்கிலத்தில் ‘கிளிப்பிங்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடி நம் குழுவில் தொடங்கிய இம்மடலிழையில் இதுவரை வெட்டு, கத்தரிப்பு, முகடுகொய்வு, தெவிட்டல், பிசிறு என ஐந்து சொற்கள் வந்திருக்கின்றன. ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, என் வீட்டுப் பெருக்கியின் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டு மாலைகள் பாட்டுக் கேட்டபடியே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. ஆகவே ஆறாவதாக ‘தலைதட்டல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ஏன் என்பதை விளக்க, அந்தப் பெருக்கியைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்தருள்க.

ஆம்ப்ளிஃபயரைப் ‘பெருக்கி’ என்றே இம்மடலில் எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அந்தச் சொல்தான் இருக்கிறது. ஈழத்தில் விரியலாக்கி என்பார்கள். தமிழ் விக்கிப்பீடியாவில் மிகைப்பி என்று இருக்கிறது. மூன்றும் நல்ல சொற்களே. ஆனால் ‘ஒலிபெருக்கி’ என்ற சொல்லுக்கு நேர்ந்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். பெருக்கும் வேலையைச் செய்வது பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று. கூம்பு வைத்த ஸ்பீக்கரோ வந்த மின்னலையை அப்படியே காற்றசைவாக மாற்றுகிறதே ஒழிய எதையும் பெருக்குவதில்லை. ஆனாலும் ஊர் முழுவதும் ஸ்பீக்கருக்குத்தான் ஒலிபெருக்கி என்று பெயர். கோயில் மரத்தில் கட்டிய குழாயைப் பார்த்து எவரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. இனி அதை அங்கிருந்து அசைக்க முடியாது. கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துப் பெயர் வைத்துவிட்டு, அதை உண்டாக்குகிற காரணத்தைக் கோட்டைவிடும் பழக்கம் நமக்கு அன்றே இருந்திருக்கிறது. ‘கத்தரிப்பு’ அந்த வழியில்தான் போகிறது என்பது என் அச்சம்.

என்னிடம் இருப்பது என்.ஏ.டி. 3020. எரிக் எட்வர்ட்சன் வடிவமைத்து 1978-ல் வெளிவந்த பெருக்கி. 8 ஓம் ஸ்பீக்கர் சுமையில் இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 20 வாட் மட்டுமே தருவதாகச் சொல்லிக்கொண்டு, விலை குறைந்த வரிசையில் வந்து, அதைவிடப் பெரிய பெட்டிகளை வைத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. எங்கள் சித்தப்பா இலண்டனிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது. அவருக்குப் பின் என்னிடம் வந்தது. முகப்பில் ஐந்து சிறு விளக்குகள் வரிசையாக இருக்கும். வெளியேறும் ஆற்றல் கூடக்கூட ஒவ்வொன்றாக எரியும். மனிதக் குரலையும் வீணையையும் நடுத்தர ஒலியில் அது தரும் நிறைவுக்கு, பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் எனக்கு வேறொன்று தேவைப்பட்டதில்லை. மிருதங்கத் தனியாவர்த்தனத்தின் போதுதான் கவனம் வேண்டும். பெட்டியின் பின்புறம் ‘சாஃப்ட் கிளிப்பிங்’ என்று எழுதிய சிறிய விசை ஒன்று இருக்கிறது. இவ்விழையில் நான் கலந்துகொள்ள அந்த விசையே காரணம்.

கிளிப்பிங் என்பது என்ன என்பதைக் கணக்கோடு பார்த்துவிடலாம். 8 ஓமில் 20 வாட் என்றால் ஏறக்குறைய 12.65 வோல்ட், அது ஒருவகைச் சராசரிக் கணக்கு. அலையின் உச்சி ஏறக்குறைய 17.9 வோல்ட் வரை எழ வேண்டும். பெருக்கியின் மின்வழங்கி (பவர் சப்ளை) எவ்வளவு வோல்ட் தருகிறதோ அதற்கு மேல் அலை எழ வழியே இல்லை. நான் ஒரு வாட் சராசரியில் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியைவிட 13 டெசிபெல் உயர்ந்து ஒரு மிருதங்க அடி விழுந்தால் அந்தக் கணத்துக்கு 20 வாட் வேண்டும். 20 டெசிபெல் உயர்ந்தால் 100 வாட் வேண்டும். இல்லாததை எங்கிருந்து கொடுப்பது? மின்வழங்கியின் விளிம்புவரை எழுந்த அலை, அதற்குமேல் போக இடமின்றி, விளிம்போடு விளிம்பாகத் தட்டையாக ஓடி, உள்ளே வந்த அலை இறங்கும்போது தானும் இறங்குகிறது. அலைகாட்டியின் திரையில் பார்த்தால் மலைச்சிகரத்தின் இடத்தில் மேசை நிற்கும்.

இங்கே யாரும் எதையும் வெட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கத்தரிப்பு என்றால் கத்தரிக்க ஒரு கை வேண்டும். முகடுகொய்வு இன்னும் அழகான சொல்தான், ஆனால் கொய்பவள் எந்தப் பூ வேண்டும் என்று தெரிந்து கொய்கிறாள். பெருக்கிக்கு அப்படி ஒரு நோக்கமும் இல்லை. அதன் கொள்ளளவு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். ‘வெட்டு’ என்பதில் வேறொரு சிக்கலும் உண்டு: வடிப்பிகளில் (ஃபில்டர்களில்) வெட்டு அதிர்வெண் (கட்ஆஃப்) என்று ஏற்கெனவே எழுதி வருகிறோம், மின்வெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘பெருக்கியில் வெட்டு ஏற்பட்டது’ என்று எழுதினால், மின்சாரம் போய்விட்டதா என்றுதான் கேட்பார்கள்.

‘தெவிட்டல்’ வேதியியலில் தெவிட்டிய கரைசலாக நன்கு நிலைபெற்றது. கொள்ளளவு நிறைந்தது என்ற கருத்தும் அதில் இருக்கிறது. ஐந்தில் உண்மைக்கு மிக அருகில் வருவது அதுவே. ஆனால் அது பெருக்கிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் நிலையைச் சொல்கிறது. அலைக்கு நேர்வதைச் சொல்லவில்லை. தெவிட்டிய அலை என்று சொல்ல முடியுமா? எனக்கு நாக்கு வரவில்லை.

‘பிசிறு’ என்று எழுதிய அம்மையார் மேடை ஒலியமைப்புக்காரர்களின் பேச்சிலிருந்து அதை எடுத்ததாகச் சொன்னார். உண்மை, ‘பிசிறடிக்குது’, ‘கிழியுது’ என்பவை அவர்கள் நாள்தோறும் சொல்பவை. ஆனால் கூம்பின் காகிதம் கிழிந்தாலும் பிசிறடிக்கும், ஒயர் தளர்ந்தாலும் பிசிறடிக்கும், பாடகருக்குத் தொண்டை கட்டினாலும் பிசிறடிக்கும். காதில் விழும் விளைவுக்கு அது நல்ல பெயர். காரணத்துக்குப் பெயராக வைத்தால், பழுதுபார்ப்பவர் எதைத் திருகுவது என்று தெரியாமல் நிற்பார்.

இந்த வேறுபாட்டை நான் காசு கொடுத்துக் கற்றவன். கல்லூரி நாட்களில், இந்தப் பெருக்கி என் கைக்கு வருவதற்கு வெகு முன்னர், நண்பன் வீட்டு மொட்டைமாடி விழா ஒன்றுக்கு, அறைக்குள் வைக்க மட்டுமே லாயக்கான சிறு பெருக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். கூட்டம் பெருகப் பெருக நான் குமிழைத் திருகிக்கொண்டே போனேன். ஒலி ஓரளவுக்கு மேல் உயரவில்லை. கரகரப்பு மட்டும் கூடியது. இரவு பத்து மணிக்கு உயர்சுரங்களை மட்டும் ஒலிக்கும் சிறு ஸ்பீக்கர்களான ட்வீட்டர்கள் இரண்டும் ஊமையாகிவிட்டன. மறுவாரம் சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய், ‘சின்ன ஆம்ப்தானே அண்ணே, இது எப்படிப் பெரிய ஸ்பீக்கரை எரிக்கும்?’ என்று கேட்டேன். அவர் கருகிய சுருளை நகத்தால் சுரண்டிக்கொண்டே, ‘சின்னதா இருந்ததாலதாம்ப்பா எரிஞ்சுது’ என்றார். அன்று அது எனக்குப் புதிராகவே இருந்தது.

விடை எளியது. உச்சி தட்டையாக்கப்பட்ட அலை போகப்போகச் சதுர அலையாகிறது. ஒரே உச்சி உயரமுள்ள சைன் அலையைவிடச் சதுர அலை இரு மடங்கு ஆற்றலைச் சுமக்கிறது. அதோடு, 1000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று இரு பக்கமும் ஒரே அளவில் தட்டையானால், மூலத்தில் இல்லாத 3000, 5000, 7000 ஹெர்ட்ஸ் சுரங்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஒலியைப் பங்கிட்டு அனுப்பும் கிராஸோவர் அவற்றை உயர்சுரங்கள் என்று எண்ணி ட்வீட்டருக்கே அனுப்பிவிடுகிறது. மென்மையான சுருள் அதைத் தாங்குமா?

இனி என் சொல்லுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் அரிசி அளக்க ஆழாக்குதான். அம்மா அதைப் பானைக்குள் விட்டு எடுக்கும்போது மேலே சிறு குன்றுபோல அரிசி எழுந்து நிற்கும். உள்ளங்கையின் ஓரத்தால் விளிம்போடு ஒரு வழி வழித்தால் குன்று சரிந்து, ஆழாக்கின் வாய் தரைபோல ஆகிவிடும். அதுதான் தலைதட்டி அளப்பது. விருந்தாளி வந்த நாளில், ‘இன்னிக்குத் தலைதட்டாதே’ என்று பாட்டி உள்ளிருந்து குரல் கொடுப்பார். சமையல் குறிப்புகளில் இன்றும் ‘தலைதட்டிய ஒரு டம்ளர்’ என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல்லில் கலத்தின் கொள்ளளவு இருக்கிறது, அதன் விளிம்பு இருக்கிறது, விளிம்புக்கு மேல் எழுந்தது நிற்காது என்பது இருக்கிறது, மிஞ்சிய மேற்பரப்பு தட்டையாக இருக்கும் என்பதும் இருக்கிறது. மின்வழங்கியே ஆழாக்கு, அலையே அரிசி. பெரிய மரக்காலில் கொட்டினால் அதே அரிசிக்குத் தலைதட்ட வேண்டியிராது என்பதையும், ஆகவே நோய்க்கு மருந்து பெரிய பெருக்கி அல்லது சிறிய ஒலி என்பதையும், இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு பள்ளி மாணவருக்கு விளக்கிவிட முடியும்.

இச்சொல்லை நண்பர்கள் சிலருக்குத் தனிமடலில் அனுப்பியபோது மூன்று தடைகள் வந்தன. தலைதட்டுவதற்கும் ஒரு கை வேண்டுமே, கத்தரிப்பைத் தள்ளிய காரணம் இதற்கும் பொருந்தாதா என்றார் ஒருவர். கை உண்டுதான், ஆனால் எங்கே தட்டுவது என்பதைக் கை முடிவு செய்வதில்லை, கலத்தின் விளிம்பு முடிவு செய்கிறது. கத்தரிக்கோலுக்கு அப்படியொரு விளிம்பு இல்லை.

அலைக்கு மேலே முகடும் கீழே அகடும் உண்டு, இரண்டுமே தட்டையாகின்றன, தலைதட்டல் என்றால் மேல்பக்கம் மட்டும்தானே என்று இன்னொருவர் கேட்டார். இது கூர்மையான கேள்வி. முகடுகொய்வு என்ற சொல் இதில் உண்மையிலேயே தோற்கிறது. ஆனால் தமிழில் தலை என்பது மேல்நுனிக்கு மட்டும் உரிய சொல் அன்று. இருதலைக் கொள்ளி என்கிறோம். இருதலை மணியன் என்ற பாம்பும் இருக்கிறது. எந்த முனையும் தலையே. ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னுமாக அசையும்போது இரு கோடியிலும் தலைதட்டப்படுகிறது என்று எழுதினால் தமிழ் அதை ஏற்கும். ஒரு பக்கம் மட்டும் தட்டையாகும் சுற்றுகளும் உண்டு. அங்கே ஒருதலைத் தலைதட்டல் என்று சொல்லிக்கொள்ளலாம், கொஞ்சம் கவிதையாக ஒலித்தாலும்.

மூன்றாவது தடைக்கு என்னிடம் முழு விடை இல்லை. தட்டிய அரிசி பானைக்கே திரும்புகிறது, எதுவும் இழக்கப்படுவதில்லை. தட்டிய அலையோ போயே போய்விடுகிறது, போனதோடு நில்லாமல் புதுச் சுரங்களையும் கூட்டிவிடுகிறது. ஆம், உவமை அங்கே முறிகிறது. ஆனால் அந்தப் பகுதியைச் சுமக்க ‘உருக்குலைவு’ போன்ற சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. தலைதட்டல் காரணம், உருக்குலைவு விளைவு என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. ‘மட்டந்தட்டல்’ என்று மாற்றலாமே என்ற யோசனையும் வந்தது. அது பெருக்கியை அவமதிப்பதாகும்.

வினையாக வளைகிறதா என்பது எந்தக் கலைச்சொல்லுக்கும் நான் வைக்கும் சோதனை. ‘பெருக்கி தலைதட்டுகிறது’, ‘அலை தலைதட்டப்பட்டது’, ‘தலைதட்டு மட்டம்’, ‘தலைதட்டு விளக்கு’, ‘தலைதட்டாத வெளியீடு’: எதிலும் இடறவில்லை. எண்முறை ஒலிப்பதிவுக்கும் அப்படியே பொருந்துகிறது. 16 பிட் பதிவில் ஒரு மாதிரியின் (ஒரு கணத்தில் அளந்த அலையுயரத்தின்) மதிப்பு −32768 முதல் 32767 வரைதான் இருக்க முடியும். அதுவே அங்கே ஆழாக்கின் விளிம்பு. சில குறுந்தகடுகள், சத்தம் கூடுதலாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, தயாரிக்கும்போதே உச்சிகள் தட்டையாக்கப்பட்டு வருகின்றன. அவற்றில் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டாவது விளக்குகூட எரியாத அளவுக்கு ஒலியைக் குறைத்து வைத்தாலும் தாளம் கரகரக்கிறது. பெருக்கி குற்றமற்றது, அது தலைதட்டிய பதிவு. ‘பிசிறு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த வேறுபாட்டை எழுத முடியாது.

எஞ்சியிருப்பது பின்புற விசை. பெருக்கிகளில் எதிர்மறைப் பின்னூட்டம் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளே திருப்பிப் பிழையைத் திருத்தும் ஏற்பாடு) அலையை விளிம்புவரை சுத்தமாக வைத்திருந்து, விளிம்பைத் தொட்டதும் பிடியை விட்டுவிடுகிறது. ஆகவே தலைதட்டல் திடீரென்று, கூர்மூலைகளோடு நிகழ்கிறது. பழைய வால்வுப் பெருக்கிகள் பொதுவாக விளிம்பை நெருங்கும்போதே மெல்ல வளையத் தொடங்கிவிடும். இந்த விசையைப் போட்டால் 3020-உம் ஏறக்குறைய அவ்வாறே உச்சியை உருட்டி அனுப்புகிறது. தட்டையான மேசைக்குப் பதிலாக வழுக்கைத் தலைபோல ஒரு வளைவு கிடைக்கிறது. மிதமான ஒலியில் விசையைப் போட்டாலும் எடுத்தாலும் என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. ஒலியைக் கூட்டி வைத்துத் தனியாவர்த்தனம் கேட்கும்போது, விசை போட்டிருந்தால் அடியின் கூர்மை சற்று மங்குகிறது. ஆனால் பல்லைக் கூசவைக்கும் அந்த ஓசை வருவதில்லை.

இதை ‘மென்தலைதட்டல்’ என்று எழுதுவது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதாகவே இருக்கும். மென்மையாகத் தட்டினாலும் தட்டியது தட்டியதுதான். கத்தியின் முனையை மழுக்குவதுபோல இங்கே உச்சி மழுக்கப்படுகிறது. எனவே சாஃப்ட் கிளிப்பிங்குக்கு ‘முகடு மழுக்கல்’ என்றும், விசைக்கு ‘மழுக்கு விசை’ என்றும் முன்மொழிகிறேன். முகடு என்றதும் அகடு விடுபட்டுவிடுகிறது என்று சற்றுமுன் நானே குறை சொன்னேன். ஆகையால் ‘தலைமழுக்கல்’ என்பதையும் கருதிப் பாருங்கள். இரண்டில் எது என்று குழுவே முடிவு செய்யட்டும். நான் நேற்று வெள்ளை ஒட்டுத்தாளில் பெயரெழுதி அந்த விசைக்குப் பக்கத்தில் ஒட்டப் பார்த்தேன். இணைப்புக் குழிகளுக்கு நடுவே இருந்த சிறு இடைவெளியில் ‘மென்கத்தரிப்பு’ அடங்கவில்லை. ‘மழுக்கு’ அடங்கிவிட்டது.

அன்புடன்.