ஆற்றுப் பெரிய மீனுக்குத் தாங்கும் தக்கை ராட் எது?

ஓடும் தண்ணீரில் தூண்டிலில் தக்கை (மிதவை) போட்டு மீன் பிடிப்பதுதான் எனக்குப் பழக்கம். இப்போது கையில் இருப்பது 13 அடி, மூன்று துண்டு மேட்ச் ராட், அதாவது தக்கைக்கான மெல்லிய, நீளமான தூண்டில் கோல். 2 முதல் 5 பவுண்டு வரை தாங்கும் லைனுக்கானது (தூண்டில் நூல்). சின்ன மீனுக்கு அருமையான ராட், குறையே சொல்ல முடியாது. இந்தப் பருவத்தில் நாலைந்து கிலோ கெண்டைகள் கடிக்க ஆரம்பித்ததிலிருந்துதான் தலைவலி.

இடம்: நடுத்தர வேகம், ஏழு அடி ஆழம், கரையோரம் முழுக்க மர வேர்கள். மீன் மாட்டியதும் ராட் கைப்பிடி வரை வளைந்துவிடுகிறது. அதற்கு மேல் இழுக்கத் திராணி இல்லை. மீன் நிதானமாக வேருக்குள் போய்ச் சுற்றிக்கொள்கிறது, லைன் அறுகிறது.

8 பவுண்டு லைன், தடித்த முள் என்று மாற்றிப் பார்த்தேன். லைன் தாங்குகிறது, ஆனால் ராட் மீனைத் திருப்பவில்லை. ரீலின் டிராகை (மீன் இழுக்கும்போது நூல் வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்) இறுக்கினால் மெல்லிய நுனி ஒடிந்துவிடுமோ என்று பயம். அப்புறம் 10 அடி ஃபீடர் ராடில் (இரைக்கூடையை அடியில் போடுவதற்கான பலமான கோல்) தக்கை கட்டினேன். பலம் சரி, நீளம் போதவில்லை. லைன் தண்ணீரில் படுத்து, நீரோட்டம் அதை வில்லாக வளைத்து, தக்கையைப் பக்கவாட்டில் இழுக்கிறது. இரை இயல்பாகவே போவதில்லை.

ரீல் 3000 அளவு, அதை மாற்றும் எண்ணம் இல்லை.

6 முதல் 10 பவுண்டு லைன் தாங்கும் 13 அடி பவர் ஃப்ளோட் ராட் (பலமான தக்கை ராட்), 1.25 பவுண்டு டெஸ்ட் கர்வ் (நுனியைச் செங்கோணத்துக்கு வளைக்கத் தேவையான எடை) உள்ள 12 அடி ஏவான் ராட் (ஆற்றுக்கான பொதுப் பயன் கோல்), இரண்டில் இந்த இடத்துக்கு எதை வாங்கலாம்?