ஒயரிங் வேலைக்கு வந்த பிள்ளைகள்: நான் பார்த்தது

மேலே எழுதிய அண்ணன்மார் எல்லாரும் ஒரே பாட்டுதான் பாடியிருக்கிறீர்கள், ஒயரிங் வேலைக்கு வருகிற பையன்கள் நிலைக்கிறதில்லை, கொஞ்ச நாளில் மோட்டாரை எடுத்துக்கொண்டு சாப்பாடு டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள் என்று. நானும் மலேசியாவில், பினாங்கு புக்கிட் மெர்தாஜம் பக்கம் வீடு, கடை, சின்ன ஃபேக்டரி ஒயரிங் குத்தகை எடுத்துச் செய்கிறவன்தான். எனக்குத் தெரிந்து பையன்கள் வேலைக்குப் பயந்து ஓடவில்லை. இதில் மேலே ஏற வழி இருக்கிறது என்று யாரும் காட்டாததால் ஓடுகிறார்கள்.

போன வருடம் ஒரு தம்பி வேலை கேட்டு வந்தான். பிறையில் ஒரு குத்தகைக்காரரிடம் ஆறு வருடம் இருந்தவன். "டிபி பாக்ஸ் கட்டத் தெரியுமா?" என்றேன், வீட்டுக்குள் வரும் கரண்டை ஒவ்வொரு லைனாகப் பிரித்து அனுப்புகிற பெட்டி அது. "இல்லண்ணே, பாஸ் தொடவே விடமாட்டார்." ஆறு வருடமும் சுவர் வெட்டி, பைப் பதித்து, கேபிள் இழுத்து, மத்தியானம் எல்லாருக்கும் சாப்பாடு வாங்கி வந்திருக்கிறான், அவ்வளவுதான். பிளக் பாயிண்டுக்கு 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அறுத்துவிடுகிற சுவிட்ச்) போடுகிறோம், வாட்டர் ஹீட்டருக்கு மட்டும் ஏன் 10 என்று கேட்டால் முழிக்கிறான். நனைந்த உடம்பில் மின்சாரம் சுலபமாகப் பாயும், அதனால் கசிவு கொஞ்சமாக இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும், இதைத் தே தாரிக் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். ஆறு வருடத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை.

பையன் மக்கு இல்லை. ஒரு பழைய தரை வீட்டில், கேபிளின் இன்சுலேஷன் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கிற மெக்கரைக் கையில் கொடுத்து, 500 வோல்ட் விட்டுப் பார், லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த சர்க்யூட்டுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொன்னேன். ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பிரித்துச் சோதித்து, சமையலறைக்குப் போகிற கேபிள்தான் எங்கேயோ நசுங்கியிருக்கிறது என்று அவனே கண்டுபிடித்துவிட்டான்.

ஏன் அவனுக்குச் சொல்லித் தரவில்லை? அந்தக் குத்தகைக்காரரையே ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது கேட்டுவிட்டேன். "கத்துக் கொடுத்தா சிங்கப்பூருக்குப் போயிடுவானுங்க தலைவா" என்றார். போகத்தான் செய்வார்கள். என்னிடம் பழகிய ஒருத்தன் போயிருக்கிறான், இன்னொருத்தன் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரப் பொறுப்பாளர். கற்றுக்கொடுக்காமல் வைத்திருந்தால் மட்டும் நிற்கிறானா என்ன, அவனும்தான் போகிறான், டெலிவரிக்கு.

எல்லாம் அந்த லைசன்ஸில்தான் வந்து நிற்கிறது. எரிசக்தி ஆணையம் ஒயர்மேனுக்குக் கொடுக்கிற சான்றிதழ், சிங்கிள் ஃபேஸுக்கு பிடபிள்யூ2, த்ரீ ஃபேஸுக்கு பிடபிள்யூ4. அது இல்லாதவன் எத்தனை வருடம் உழைத்தாலும், வேலை முடிந்ததும் கொடுக்கிற பாரம் ஜி (வேலை முடிந்ததற்கு), பாரம் எச் (சோதித்ததற்கு) இரண்டிலும் கையெழுத்துப் போட முடியாது. கையெழுத்து இன்னொருத்தருடையது என்றால் கடைசிவரைக்கும் இவன் ஹெல்பர்தான், சம்பளம் எங்கிருந்து ஏறும்?

சுங்கை பாக்காப்பிலிருந்து ஓர் அக்கா எஸ்பிஎம் (ஐந்தாம் படிவப் பரீட்சை) முடித்த மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஷாக் அடிக்காதுல்ல?" என்பதுதான் முதல் கேள்வி. அடிக்காது என்று நான் சொல்லவில்லை. வேலை நடக்கிற இடத்துக்கு இரண்டு பேரையும் கூட்டிப்போய், சுவிட்சை அடைத்துப் பூட்டுப் போடுவது, மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பது, அப்புறம் கை வைக்கப்போகிற இடத்தில் பார்ப்பது, மறுபடியும் கரண்ட் இருக்கிற இடத்தில் பார்ப்பது, எல்லாம் செய்து காட்டினேன். (டெஸ்ட் பேனாவை மட்டும் நம்பிக் கை வைக்கிறவன் என்னிடம் இருக்க முடியாது.) நிபோங் திபாலில் ஆறுமுகம் பிள்ளை பெயரிலேயே ஒரு ஐஎல்பி, அதாவது அரசாங்கத் தொழிற்பயிற்சிக் கழகம், இருப்பது பக்கத்து ஊரில் இருக்கிற அந்த அக்காவுக்குத் தெரியவில்லை. மனிதவள அமைச்சின் கீழ் நடக்கிற இடம். என்னென்ன பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பினேன். வீட்டில் சம்பளம் தேவைப்படுகிற பையன் என்றால் எஸ்எல்டிஎன் என்கிற இரட்டைப் பயிற்சித் திட்டம் பார்க்கலாம், 2005லிருந்து நடக்கிறது, பயிற்சியில் பெரும்பகுதி வேலையிடத்திலேயே, மீதிதான் வகுப்பு. நம் குத்தகைக்காரர்களில் பல பேருக்கு இதன் பெயரே தெரியாது, பையன்களைக் குறை சொல்வதற்கு மட்டும் நேரம் இருக்கிறது.

பெண் பிள்ளைகள் இந்த வேலைக்குச் சரிப்படுவார்களா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். கல்லூரியிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு தங்கச்சி எங்களோடு இருந்தாள். வீட்டுக்கார ஐயா ஏணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "பையன் யாரும் வரலையா?" என்றார். அவள் பதில் சொல்லாமல் வேலையை முடித்துவிட்டு, எந்த சுவிட்ச் எந்த அறைக்கு என்று டிபி கதவில் அழகாக எழுதி ஒட்டிவிட்டு வந்தாள். அதே ஐயா அடுத்த முறை ஃபோன் செய்தபோது அந்தப் பிள்ளையையே அனுப்பச் சொன்னார்.

இப்போது அந்த ஆறு வருடத் தம்பி விஷயம். பிபிடி (முன் அனுபவ அங்கீகாரம்) வழியாக எஸ்கேஎம் என்கிற மலேசியத் திறன் சான்றிதழை எடுக்கப் பார்க்கிறோம், அதாவது வகுப்பில் போய் உட்காராமல், செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோப்பாகச் சேர்த்துக் கொடுத்து மதிப்பீடு வாங்குவது. என்னிடம் செய்த வேலைக்குப் படம், வரைபடம் எல்லாம் தயார். பழைய முதலாளிதான் வேலை செய்ததற்குக் கடிதம் தரமாட்டேன் என்கிறார், அதற்குப் பதிலாகக் காட்டலாம் என்றால் ஈபிஎஃப் சேமநிதியும் ஆறு வருடத்தில் பாதிக்குத்தான் கட்டியிருக்கிறார். இப்படி மாட்டிக்கொண்டு எஸ்கேஎம் எடுத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், பழைய அனுபவத்துக்கு என்ன ஆதாரம் காட்டினீர்கள், வாடிக்கையாளர் கடிதம் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறார்களா என்று எழுதுங்கள்.